சுற்றிப் போனவர்கள்

கிழக்கு வெளுப்பதற்குள் மூட்டை கட்டியாக வேண்டும். செங்கோடன் முழங்காலை மூட்டைமேல் ஊன்றி, தேங்காய்நார்க் கயிற்றைப் பல்லால் கவ்வி இழுத்தான். கஞ்சி வாடை போகாத புது வேட்டியும் துண்டும். கேரியர் முனகிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்தது. ஹேண்டிலை அழுத்திப் பிடிக்காவிட்டால் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். அப்படியொரு பாரம். அதை உந்திக்கொண்டு பத்தடி ஓடி, ஓட்டத்திலேயே தாவி ஏறவேண்டும். ஏறத் தவறினால் மூட்டையோடு மல்லாந்து விழவேண்டியதுதான்.

குமாரபாளையத்துக் குடோனிலிருந்து சங்ககிரி ஸ்டேஷனுக்குப் பத்து மைல். போகும்போது துணி, திரும்பும்போது சேலத்திலிருந்து ரயிலில் வந்த நூல். யுத்தம் தொடங்கி நாலாவது வருஷம். லாரிகளைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. பெட்ரோல் கண்ணில் படுவதில்லை. முதலாளி சுவாமிநாதன் ஐந்து சைக்கிள் வாங்கி, ஐந்து ஆளை வைத்தார்.

மலாயா ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து டயர் கிடைப்பதில்லை. தேய்ந்த டயருக்குள் இன்னொரு பழைய டயரின் துண்டை வெட்டி வைத்து ஓட்டினார்கள். டியூபில் ஒட்டுக்குமேல் ஒட்டு. அந்தச் சாலையிலோ முள்ளுக்குப் பஞ்சமில்லை. ஆட்டுக்காரர்கள் ஒடித்துப் போட்ட வேலங்கொத்து, வேலிக்கு முள் ஏற்றிப் போகும் வண்டியிலிருந்து உதிர்ந்த கிளை, மாட்டுக் குளம்பிலிருந்து கழன்ற லாட ஆணி. வாரத்துக்கு இரண்டு தரமாவது காற்று இறங்காத சக்கரம் கிடையாது.

அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. முன்னால் போகிறவனின் மூட்டை பின்னால் வருகிறவனுக்குச் சுவர் மாதிரி, சாலை தெரியாது. ஆகவே முள்ளைக் கண்டவன் மணியை இரண்டு தரம் அடிப்பான். எல்லாரும் நின்றுவிடுவார்கள். கண்டவன் இறங்கி முள்ளை எடுத்து ஓரத்தில் எறிவான். மற்றவர்கள் அவனைத் தள்ளி ஏற்றிவிட்டுப் புறப்படுவார்கள். யாரும் பேசி வைத்த சட்டமில்லை. முதல் வாரமே தானாக வந்த பழக்கம்.

மூன்று மாதத்துக்கு முன் நூல் கட்டுப்பாடு வந்தது. ஸ்டேஷனில் இறங்கும் நூல் ஐந்து சுமையிலிருந்து மூன்று சுமையாயிற்று. முதலாளி மூன்று சீட்டு எழுதி ஸ்டேஷன் குமாஸ்தாவிடம் கொடுத்தார். முதலில் வந்து சேரும் மூன்று பேருக்கு நூல். மற்ற இருவர் வெறும் சைக்கிளோடு திரும்பவேண்டும். பாதிக் கூலி போச்சு. அன்றிலிருந்து அந்தச் சாலையில் மணிச்சத்தம் குறைந்தது. பிறகு நின்றே போயிற்று.

அன்று ஓடைப் பாலத்து இறக்கத்தில் செங்கோடன் மூன்றாவதாகப் போய்க்கொண்டிருந்தான். வெள்ளியங்கிரியும் கந்தவேலும் முன்னால் பாலத்தைத் தாண்டிவிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் சென்னிமலையின் செயின் உரசும் சத்தம். அவனுக்கும் பின்னால், கடைசியில், சலீம். நன்றாக விடிந்துவிட்டது.

இறக்கத்தின் நடுவில் ஒரு கருவேலங்கிளை கிடந்தது. முழங்கை நீளம்தான். வெள்ளை வெளேரென்று முள்.

செங்கோடன் பார்த்தான். நன்றாகவே பார்த்தான்.

இறங்கினால் சென்னிமலை முந்திவிடுவான். அவன் மூன்றாவது, தான் நாலாவது. போன மாதம் முழுக்கத் தான் கடைசி. விரல் மணிமேல் இருந்தது. அழுத்தவில்லை. ஹேண்டிலை ஒடித்தான். சக்கரம் கிளையை ஒட்டினாற்போல் விலகிப் போயிற்று.

பின்னால் ‘டப்’பென்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து இன்னொன்று. அந்த இரண்டாவது என்ன சத்தமென்று அவன் யோசிக்க விரும்பவில்லை. டியூப் போயிருக்கும், ஒட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டான். திரும்பிப் பார்க்காமல் மிதித்தான்.

மூன்றாவது சீட்டு அவனுக்குக் கிடைத்தது.

நூல் மூட்டையோடு திரும்பி வரும்போது உச்சி வெயில். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ரத்தம் காய்ந்து ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. கீழே ஓடைச் சேற்றில் வேட்டிகள் அவிழ்ந்து கிடந்தன. ஆடு மேய்க்கிற பெண் ஒருத்தி சுவரோரம் நின்றிருந்தாள்.

“விழுந்தவருக்குக் கால் ரெண்டா மடங்கிப் போச்சுங்க,” என்றாள், அவன் கேட்காமலே. “பின்னால வந்த பாய்தான் முதுகுல தூக்கிக்கிட்டுப் போயி வண்டில ஏத்துனாரு. அடிபட்டவரு என்னா அலறல் அலறுனாருங்கறீங்க!”

செங்கோடன் சாலையைப் பார்த்தான். “இங்க ஒரு கிளை…”

“அந்த முள்ளா? அப்பவே எடுத்து எறிஞ்சுட்டனுங்க. ஆடு மிதிச்சுக்குமில்ல?”

குடோனில் முதலாளி திண்டில் சாய்ந்திருந்தார். சேறு படிந்த துணியை யாரோ வாரிக்கொண்டு வந்து வாசலில் குவித்திருந்தார்கள். சென்னிமலையின் சைக்கிள் முன்சக்கரம் எட்டாக வளைந்து சுவரில் சாய்ந்து கிடந்தது. நாலு பேரும் நின்றார்கள்.

“இத்தனையும் சேறு,” என்றார் முதலாளி. “வெளுத்தாலும் போகாது. எவன் தலையில கொண்டுபோயி கட்டறது?”

“ஆளுக்குக் காலு ஒடிஞ்சு போச்சுங்க மொதலாளி,” என்றான் வெள்ளியங்கிரி. அவன்தான் அவர்களில் மூத்தவன்.

“தெரியும்டா. ரிம்மும்தான் ஒடிஞ்சு போச்சு. அதை ஒருத்தனாச்சும் சொன்னீங்களா?”

“தேறி வார வரைக்கும் அவரு எடத்தை வெச்சிருந்தீங்கன்னா…”

“எடம் என்னடா எடம்! டூரிங் கொட்டாயா, துண்டு போட்டு வெக்கறதுக்கு? மூணு மாசம் படுக்கை. அப்பறம் நொண்டி. நொண்டி சைக்கிள் மிதிப்பானா?” அவர் வெற்றிலையை மடித்தார். “கணக்குப் பாருங்கடா. அஞ்சு பேருக்கு மூணு சீட்டு இருந்துச்சு. இப்ப நாலு பேருக்கு மூணு. உங்களுக்கு நல்லதுதானே? எழவு ஊட்டுல நிக்கறாப்பல ஏன் நிக்கறீங்க?”

அவர் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு செங்கோடன் பக்கம் கையை நீட்டினார்.

“செங்கோடனப் பாருங்க. போன மாசம் பூராவும் கடைசியா வந்தவன். இன்னிக்கு மூணாவது. மனசு வெச்சா முடியுதில்ல?”

செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டான். முதலாளி இப்போது போட்ட கணக்கை அவன் காலையிலேயே, பாலத்து இறக்கத்தில், போட்டு முடித்திருந்தான்.

சென்னிமலையின் வீட்டில் முட்டையும் உளுந்துமாவும் கலந்த பச்சை வாடை அடித்தது. வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டுப் போயிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்திலேயே அவன் மனைவி உண்ணாமலை இராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. இனி அந்த வீட்டில் ஓடுவது அந்த இராட்டை ஒன்றுதான்.

“வா செங்கோடா,” என்றான் சென்னிமலை. உதடு கடிபட்டு வீங்கியிருந்தது. “சீட்டு கெடைச்சுதா?”

“கெடைச்சுதுங்கண்ணா.”

“நல்லதாப் போச்சு. ஏப்பா, நீ எனக்கு முன்னாலதான போன. அங்க என்ன கெடந்துச்சு? ஆணியா, முள்ளா? எனக்கு உன்ற மூட்டைதான் தெரிஞ்சுது.”

இராட்டைச் சத்தம் சற்றே மெதுவானது.

“நான் பாக்கலீங்கண்ணா,” என்றான் செங்கோடன்.

“அதான பாத்தேன். நீ பாத்திருந்தீன்னா எறங்கியிருப்ப.” சென்னிமலை மனைவி பக்கம் திரும்பினான். “நான் சொன்னனில்ல?”

உண்ணாமலை ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடித்தான். சொம்பைக் கீழே வைத்தால் அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே என்று ஒரே மூச்சில் குடித்தான்.

சாயங்காலம் நாலு பேரும் ஷஃபியுல்லாவின் பஞ்சர் கடையில் கூடினார்கள். வழக்கமாக அங்கே கேலிதான் நடக்கும். “பாயி, ராத்திரியில நீங்கதானே ஆணி வெதைக்கறீங்க? மழை பேஞ்சா நல்லா மொளைக்குமே!” என்று வெள்ளியங்கிரி சீண்டுவான். “வெதைச்சா ஒரு டயராவது மொளைக்காதா, அதையும் பாத்துட்டேன்” என்பார் பாய். அன்று கேலி இல்லை.

சென்னிமலையின் சைக்கிளை முதலாளி அங்கே அனுப்பியிருந்தார். நாளை மறுநாளிலிருந்து அது மாற்று வண்டியாக நிற்குமாம். அதற்குள் சரியாக வேண்டுமாம். ஷஃபியுல்லா டயரைக் கழற்றி, உள்ளே விரலை விட்டுத் தடவி, குறட்டால் ஒரு முள்ளைப் பிடுங்கினார். தீக்குச்சி நீளம். உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

“இந்த டயருக்குப் போன மாசம் நான்தான் உள்துண்டு வெச்சேன். மக்கிப்போன துண்டு. வேற இல்லை. வெக்கும்போதே தெரியும்,” என்றார். பிறகு, “ஒத்தை முள்ளு இல்லை இது. கிளையோட கெடந்திருக்கோணும்.”

“கிளைதானுங்க பாய்,” என்றான் செங்கோடன்.

மற்ற மூவரும் திரும்பினார்கள்.

“நான் பாத்தேன். மணிமேல கை இருந்துச்சு. அடிக்கலை. எறங்குனா மூணாவது சீட்டு போயிருமேன்னு சுத்திப் போயிட்டேன். மத்தியானம் அவரே கேட்டாரு. பாக்கலைன்னு சொல்லிட்டேன்.”

ஷஃபியுல்லா குறட்டைக் கீழே வைத்தார். கந்தவேல்தான் முதலில் வாயைத் திறந்தான். “ஆள் உசரம் கெடந்த கிளைப்பா அது. ஒருத்தனா எறங்கித் தூக்கியிருக்க முடியாது.”

“முழங்கை நீளந்தான்,” என்றான் செங்கோடன். “எட்டி ஒதைச்சாப் போயிருக்கும்.”

சொல்லி முடித்த பிறகுதான் கந்தவேலைப் பார்த்தான். கந்தவேல் அவனுக்கு முன்னால் போனவன். அவன் முகம் வெளுத்துவிட்டது.

“நீ பாத்தியா?” என்றான் செங்கோடன்.

“இருட்டா இருந்துச்சு…”

“என்னடா இருட்டு?” வெள்ளியங்கிரி எச்சிலைத் துப்பினான். “எனக்கே வெளிச்சமாத் தெரிஞ்சுது. ரெண்டு கவடு இருந்த கிளை. மொதல்ல போனவன் நான். நான் எறங்கியிருந்தா உங்க ஒருத்தனுக்கும் இந்த வம்பே இல்லை.” நரைத்த மீசையைத் தடவிக்கொண்டான். “மூத்தவன்னு மொதலாளி முன்னால பேச மட்டும் தெரியுது.”

எல்லாரும் சலீமைப் பார்த்தார்கள். அவன் ஒருவன்தான் இறங்கியவன், காயம்பட்டவனைச் சுமந்தவன். சட்டைத் தோளில் கறை இன்னும் இருந்தது.

“என்னையப் பெரிய மனுசன் ஆக்கிராதீங்க,” என்றான் சலீம். “நான் கடைசில வந்தேன். எனக்கு எப்பிடியும் சீட்டு இல்லை. எறங்குனா என்ன நட்டம்? அதனால எறங்குனேன். மூணாவதா வந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு வழியெல்லாம் அதைத்தான் நெனச்சுக்கிட்டு வந்தேன். எனக்கே தெரியலை.”

மூன்று பேர் சுற்றிப் போன கிளை. தான் ஒருவன் மட்டும் செய்ததில்லை என்று தெரிந்ததும் மனம் லேசாகும் என்று செங்கோடன் ஒரு கணம் எதிர்பார்த்தான். ஆகவில்லை. கடைசியாகச் சுற்றிப் போனவன் தான். கேட்டபோது பொய் சொன்னவனும் தான்.

“போயிச் சொல்லீரலாம்,” என்றான். “எல்லாருமா.”

விளக்கு வைக்கும் நேரத்தில் போனார்கள். செங்கோடன் சொன்னான். வெள்ளியங்கிரி சொன்னான். கந்தவேல் சொல்ல வந்து அழுதுவிட்டான். சென்னிமலை கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

உண்ணாமலை இராட்டையை நிறுத்தினாள். “மூணு பேரும் சேந்து வந்து சொன்னா வலி மூணாப் பிரிஞ்சு போயிருமா?” என்றாள். “ராத்திரி இவரு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடப்பாரு. அப்ப வாங்களேன், ஆளுக்கு ஒரு சாமம் வலிக்கட்டும்.”

“சும்மாரு,” என்றான் சென்னிமலை. பிறகு செங்கோடனைப் பார்த்தான். “மத்தியானம் கேட்டனே செங்கோடா. அப்பவே சொல்லியிருக்கலாமில்ல? இவகிட்ட உனக்காகப் பேசிக்கிட்டுக் கெடந்தேன்.”

சென்னிமலை மற்றவர்கள் பக்கம் திரும்பினான்.

“மொதலாளி எடமில்லைன்னு சொல்லிட்டாராமே?”

“ஆமாப்பா,” என்றான் வெள்ளியங்கிரி. “நாலு பேருக்கு மூணு சீட்டு, நல்லதுதானேங்கறாரு.”

“நாளைக்கு அந்த மூணுக்கு நீங்க நாலு பேரும் ஓடுவீங்க. அடுத்த வாரம் இன்னொருத்தன் காலு.” சென்னிமலை நகர முயன்று, முகம் சுளித்து, மறுபடி படுத்தான். “நாளைக்கு ஆரும் முன்னால போவாதீங்க. அவ்வளவுதான் எனக்குத் தோணுது. மொதல் ஆளுன்னு ஒருத்தன் இல்லாட்டி அந்தக் குமாஸ்தா சீட்டை ஆரு கையில குடுப்பான்?”

மறுநாள் விடியற்காலையில் துணிமூட்டைகள் ஏறின. கயிறுகள் இறுகின. நாலு சைக்கிளும் குடோனை விட்டு ஒன்றாகப் புறப்பட்டன. ஊரைத் தாண்டியதும் பக்கத்தில் பக்கமாக வரிசை கட்டிக்கொண்டார்கள். பாரமேற்றிய சைக்கிளை மெதுவாக ஓட்டுவது வேகமாக ஓட்டுவதைவிடக் கஷ்டம். தொடை கடுத்தது, ஹேண்டில் கையை மீறித் துள்ளியது. ஏற்றத்தில் ஒருவன் இறங்கித் தள்ளினால் நாலு பேரும் இறங்கித் தள்ளினார்கள். பின்னால் வந்த கட்டை வண்டிக்காரன், “ரோடு உங்க ஊட்டுச் சொத்தாங்க?” என்று கத்தினான்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் முதலாளியின் கார் புகை கக்கிக்கொண்டு அவர்களைத் தாண்டியது. ஜன்னலில் அவர் முகம் திரும்பிப் பார்த்தது.

அவர்கள் ஸ்டேஷனை அடைந்தபோது கூட்ஸ் வந்து போயாகிவிட்டது. நூல் கட்டுகள் கொட்டகையில் அடுக்கியிருந்தன. குமாஸ்தா மூன்று சீட்டோடு வாசலில் நின்றான். நாலு முன்சக்கரமும் ஒரே கோட்டில் வந்து நின்றன.

“மொதல்ல வந்தது ஆரு?” என்றான் குமாஸ்தா.

“ஆருமில்லீங்க,” என்றான் வெள்ளியங்கிரி.

“அப்பக் கடைசி?”

“அதுக்கும் ஆளில்லீங்க.”

முதலாளி உள்ளேயிருந்து வந்தார். “என்னடா இது, பொண்ணு மாப்பிள்ளை ஊர்கோலமா? தறிக்காரன் நூலில்லாம ஒக்காந்திருக்கான். சீட்டை வாங்கி மூட்டை கட்டுங்க.”

“மூணு சீட்டு வேண்டாமுங்க,” என்றான் வெள்ளியங்கிரி. “இருக்கற நூலை அஞ்சாப் பிரிச்சுக் குடுங்க. சென்னிமலை பங்கையும் நாங்க நாலு பேரும் ஏத்திக்கறோம். அந்தக் கூலி அவரு ஊட்டுக்குப் போகோணும். காலு கூடுன அன்னிக்கு அவரு சைக்கிள் அவருக்கு.”

“ஓகோ! நான் என்ன, அவன் வழியில முள்ளு போட்டனா?”

“நீங்க போடலீங்க,” என்றான் செங்கோடன். தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகம். “அந்த முள்ளைப் பாத்துட்டுச் சுத்திப் போனவன் நானுங்க.”

முதலாளி சிரித்தார். “அப்பிடிச் சொல்லு! கூட இருக்கறவன் காலை ஒடிச்சவன் நீ. இங்க வந்து எங்கிட்ட நாயம் பேசறியா?”

“என் தப்புத்தானுங்க. இல்லீன்னு சொல்லலை. சாகற வரைக்கும் அது என்னுதுதான். ஆனா, எறங்குனா சோறு போயிரும்னு எங்க நடுவுல பயத்தைப் போட்டது நீங்க. அந்தப் பங்கை நான் சேத்துச் சுமக்க மாட்டனுங்க.”

கொட்டகையில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த ரயில்வே சுமைக்காரர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“நாளைக்கே நாலு ஆளைப் புடிக்க எனக்குத் தெரியாதாடா?”

“புடிங்க,” என்றான் சலீம். “அவங்களும் இந்த ரோட்டுலதான வரோணும்? நாங்க பேசிக்கறோம்.”

“நில்லுங்க. வெய்யில் ஏறட்டும். எத்தனை நேரம் நிக்கறீங்கன்னு பாக்கறேன்.” முதலாளி சுமைக்காரர்கள் பக்கம் திரும்பினார். “அந்த நூலை எடுத்து வெளிய போடுங்க. வண்டி புடிச்சுக்கறேன்.”

சுமைக்காரர்களில் ஒரு கிழவர் தலைப்பாகையை அவிழ்த்து உதறினார். “கஞ்சி குடிக்கற நேரமுங்க,” என்றார். சாவகாசமாக வந்து நாலு சைக்கிளுக்கும் பக்கத்தில், புங்க மரத்தடியில் உட்கார்ந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். முதலாளி காரின் கதவை அறைந்து சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். கார் புறப்படவில்லை.

“சென்னிமலைக்குச் சேதி போகோணுமே,” என்றான் கந்தவேல்.

யாரும் செங்கோடனைப் பார்க்கவில்லை. “நான் போறேன்,” என்றான் அவன். மூட்டையை அவிழ்த்து மரத்தடியில் இறக்கினான். வெறும் சைக்கிளில் ஏறி மிதித்தான்.

உண்ணாமலை வாசலிலேயே இராட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டும் “வா” என்று சொல்லவில்லை. மோர் வரவில்லை. அவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றபடியே நடந்ததைச் சொன்னான். நாலு பேரும் சீட்டை வாங்கவில்லை என்றான். முதலாளி இறங்கி வரவில்லை என்றான். சுமைக்காரர்கள் உட்கார்ந்ததைச் சொன்னான்.

“ஆரது?” என்று உள்ளேயிருந்து சென்னிமலையின் குரல் கேட்டது.

“செங்கோடன்,” என்றாள். இராட்டையில் அறுந்த இழையை நுனிவிரலால் முறுக்கிச் சேர்த்துக்கொண்டே கேட்டாள்: “எத்தனை பேரு நிக்கறாங்க?”

“மூணு பேருங்கக்கா.”

“நாலு பேருன்னு சொன்ன?”

“என்னையச் சேத்தா நாலுங்க.”

அவள் அப்போதுதான் நிமிர்ந்தாள். கண் இன்னும் கடுமையாகவே இருந்தது.

“அப்பறம் நீ இங்க நின்னு என்ன பண்ற?” என்றாள். “போ, போயி நில்லு.”

செங்கோடன் சைக்கிளைத் திருப்பினான்.